படம் கிடைத்தது, பெயர் எங்கே?

பள்ளி வளாகத்தில் ஒரு பேனா கிடந்தால் நாம் என்ன செய்கிறோம்? எடுத்துச் சென்று அலுவலகத்தில் ஒப்படைக்கிறோம். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், "இது யாருடையது?" என்று கேட்கப்படுகிறது. உரியவள் வந்து பெற்றுக்கொள்கிறாள். கண்டெடுத்தவள் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டால் அந்தச் செயலுக்குப் பெயர் வேறு. இதை ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் அறியும்.

பழைய பேப்பர் கடையிலோ, பூட்டிய வீட்டுப் பரணிலோ, ஒரு புகைப்படம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் ஒரு பெண். முன்பின் அறியாத முகம். பட்டுப்புடைவை, இரட்டைச் சடை, கையில் ஒரு புத்தகம். பின்புறம் திருப்பினால் எழுத்து ஒன்றுமில்லை. இந்தப் படம் யாருடையது? காசு கொடுத்து வாங்கியவருடையதா? படம் எடுத்தவருடையதா? அதிலே நின்றுகொண்டு நம்மையே நோக்கும் அந்தப் பெண்ணுடையதா? பேனாவுக்காகக் கேட்ட கேள்வியை இவளுக்காகக் கேட்பார் யாருமில்லை.

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. இத்தகைய படங்களைத் தேடியெடுத்துத் தம் படைப்புகளுக்குப் பொருளாக்கிக் கொள்வது இக்காலக் கலைஞர் பலரின் வழக்கம். தாமே காமிரா கொண்டு எடுத்த படமன்று; யாரோ, எப்போதோ, எதற்காகவோ எடுத்த படம். அதைப் பெரிதாக்கி, வண்ணமூட்டி, வேறு படங்களோடு சேர்த்து, உலகின் பெரிய அருங்காட்சியகச் சுவர்களில் மாட்டுகின்றனர். அப்படங்களுள் பெண்களின் படங்கள் ஏராளம்.

நம் கருத்து இதுதான். படம் கண்டெடுக்கப்பட்டதாக இருக்கலாம். படத்திலுள்ள பெண் கண்டெடுத்த பொருளாகிவிட மாட்டாள். அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு விருப்பம் உண்டு. அவற்றை நினைவில் வைத்திருக்கும் கலை அவளுக்கு நன்மை செய்கிறது. மறந்துவிடும் கலையோ, முன்பு ஒருவர் அவளுக்குச் செய்த அநீதியை இன்னொரு முறை செய்கிறது. இதை நான்கு எடுத்துக்காட்டுகளால் விளக்க முற்படுவோம்.

அருகில் நின்ற கலைஞர்

லோர்னா சிம்ப்சன் என்பவர் 1960-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த கறுப்பினப் பெண் கலைஞர். இணையவழி ஏலத்தில் அவருக்குச் சில பழைய படங்கள் கிடைத்தன. அவை 1957-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எடுக்கப்பட்டவை. அவற்றுள் பெயர் அறியப்படாத ஒரு கறுப்பின இளம்பெண் சினிமா நட்சத்திரங்களைப் போலச் சிரித்தும் சாய்ந்தும் நிற்கிறாள். அக்காலத்தில் அமெரிக்கத் திரையுலகம் அவளைப் போன்ற பெண்களுக்கு வேலைக்காரி வேடத்திற்கு மேல் அதிகம் கொடுத்ததில்லை. ஆயினும் அவள் காமிராவின் முன் நட்சத்திரமாகவே நின்றாள்.

சிம்ப்சன் இப்படங்களைப் பார்த்து வியந்ததோடு நிற்கவில்லை. அதே போன்ற உடை உடுத்தி, அதே போல் தலைவாரி, அதே நிலையில் தாமும் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு அவளுடைய படங்களையும் தம் படங்களையும் கலந்து வரிசையாக மாட்டினார். 2009-ஆம் ஆண்டில் உருவான இப்படைப்புக்கு '1957–2009' என்பதே தலைப்பு.

இதில் நாம் காணும் பண்பு எது? அந்தப் பெண்ணின் பெயரை மீட்டுத் தர சிம்ப்சனால் இயலவில்லை. ஆனால் அவளை மேலிருந்து பார்க்காமல் அவள் பக்கத்திலே போய் நின்றார். "இவள் எவ்வளவு வேடிக்கையாக நிற்கிறாள் பாருங்கள்" என்று காட்டுவதற்கும், "இவள் நின்ற இடத்தில் நான் நின்று பார்க்கிறேன்" என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

ஒரே பெண், பத்து வேடங்கள்

இரண்டாவது எடுத்துக்காட்டு நமக்கு அருகிலுள்ளது. பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என்பவர், புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னி என்பவரோடு இணைந்து 2000 முதல் 2004 வரை ஒரு பெரும் படத்தொடரை உருவாக்கினார். தென்னிந்தியப் பெண்களும் அவர்தம் பழக்கவழக்கங்களும் என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம் மக்களை வகைப்படுத்தி எழுதிய நூல்களின் தலைப்பைப் போலவே அது இருப்பது தற்செயலன்று.

தென்னிந்தியாவில் எல்லாரும் பார்த்துப் பழகிய பெண் படங்கள் சிலவற்றை அவர் தேர்ந்துகொண்டார். இராஜா ரவிவர்மாவின் ஓவியப் பெண், காலண்டர்களில் நாம் கண்ட இலட்சுமி, தமிழ்த் திரைப்படத்தில் சாட்டை சுழற்றும் கதாநாயகி, 2001-இல் செய்தித்தாளில் வெளியான, குற்றம் சாட்டப்பட்ட பெண்களின் படம், உடல் அளவைக் கணக்கெடுப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எடுத்த படமொன்றைத் தழுவிய தோடர் குலப் பெண் ஆகியவை அவற்றுள் சில. இவை ஒவ்வொன்றிலும் புஷ்பமாலாவே வேடம் புனைந்து நின்றார். தேவியும் அவரே, கதாநாயகியும் அவரே, கைதியும் அவரே, அளந்து பார்க்கப்படும் மலைவாழ் பெண்ணும் அவரே.

வரிசையில் வேளாங்கண்ணி அன்னையின் பக்திப் படமும் உண்டு. இதைக் கேட்டதும் நம்முள் சிலருக்கு மனம் சற்றுக் கூசலாம். ஆனால் பொறுமையோடு சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். அன்னைக்குப் புடைவை சாத்தி மகிழ்வது நம் மக்களின் வழக்கம். நாகப்பட்டினக் கரையின் ஏழைப் பெண்கள் தங்கள் சாயலிலேயே அவரைக் கண்டு ஆறுதல் பெற்றார்கள். நாம் வணங்கும் பெண்ணுருவும் நாம் இகழும் பெண்ணுருவும் அதே புடைவையைத்தான் அணிந்திருக்கின்றன. கைதியின் படத்தைக் கண்டு முகம் சுளிக்கிறோம். தேவியின் படத்தைக் கண்டு கைகூப்புகிறோம். இரண்டிலும் ஒரே முகம் இருந்தால் என்ன செய்வோம்? பெண்ணை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அவள் முகமன்று, அவளைச் சுற்றிப் பிறர் போட்ட சட்டமே என்பதை இத்தொடர் நமக்கு உணர்த்துகிறது.

டீலியாவின் கண்கள்

மூன்றாவது எடுத்துக்காட்டு மனத்தை வருத்துவது. ஆயினும் அறிந்தே ஆகவேண்டியது.

1850-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பேராசிரியர் லூயி அகாசி, மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்றும் கறுப்பினத்தவர் தாழ்ந்தவர் என்றும் நம்பியவர். அந்தப் பொய்க் கொள்கைக்குச் சான்று தேடினார். அதற்காக ஜோசப் ஸீலி என்ற புகைப்படக்காரர், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த 7 பேரை வெள்ளி பூசிய செப்புத் தகடுகளில் படம் பிடித்தார். அவர்களுள் டீலியா, டிரானா என்னும் இரு இளம்பெண்களும் இருந்தனர். அவர்களுடைய மேலாடை களையப்பட்டது. தந்தையரும் அதே போல் நிறுத்தப்பட்டனர். மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அடிமைக்கு ஏது சம்மதம்?

அத்தகடுகள் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியக மேல்மாடியில் நெடுங்காலம் மறந்து கிடந்து, 1976-இல் கண்டெடுக்கப்பட்டன. 1995, 1996 ஆண்டுகளில் கேரி மே வீம்ஸ் என்ற கறுப்பினப் பெண் கலைஞர் அப்படங்களை எடுத்துப் பெரிதாக்கிச் சிவப்பு வண்ணம் ஏற்றி, அவற்றின் மேல் வைத்த கண்ணாடியில் சொற்களைப் பொறித்தார். அச்சொற்கள் படத்திலுள்ளவரைப் பற்றிப் பேசவில்லை. "நீ" என்று அவரையே விளித்துப் பேசுகின்றன. அதுவரை டீலியாவைப் பிறர் பார்த்தனர். வீம்ஸ் டீலியாவிடம் பேசினார். கலை செய்யக்கூடிய பெருந்தொண்டு இது.

அனுமதியின்றிப் படங்களைப் பயன்படுத்தியதாகப் பல்கலைக்கழகம் தம்மீது வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்தது என்று வீம்ஸ் பின்னாளில் கூறினார். சட்டப்படி உரிமை தமக்கு இல்லாதிருக்கலாம், ஆனால் அறத்தின்படி தமக்கு ஒரு வாதம் உண்டு என்பது அவர் நிலை. கடைசியில் அந்தப் பல்கலைக்கழகமே அவர் படைப்பின் ஒரு பகுதியை விலைக்கு வாங்கியது.

கதை அத்துடன் முடியவில்லை. டீலியாவின் தந்தை ரென்டி தம் முன்னோர் என்று கூறிய டமாரா லனியர் என்ற பெண்மணி 2019-இல் நீதிமன்றம் சென்றார். "இப்படங்கள் எங்கள் குடும்பத்தினுடையவை" என்பது அவர் வழக்கு. படம் எடுத்தவருக்கே படம் சொந்தம் என்ற பழைய சட்டம் அவருக்குத் தடையாக நின்றது. 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம், படங்களின் உரிமையை அவருக்கு வழங்காவிட்டாலும், அவருக்கு நேர்ந்த மனவேதனைக்காக அவர் வழக்கைத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. 2025 மே மாதத்தில் இரு தரப்பாருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. படங்கள் ஹார்வர்டைவிட்டு நீங்கி, தென் கரோலினாவிலேயே உள்ள ஆப்பிரிக்க அமெரிக்கர் அருங்காட்சியகத்தைச் சேரும் என்று அறிவிக்கப்பட்டது. 175 ஆண்டுகளுக்குப் பின் டீலியாவுக்கு ஊர் திரும்பும் வழி பிறந்தது.

அறையில் பூட்டி வைத்த பெண்மணி

இங்கே நம்மை மறுத்துப் பேசுவோர் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். "இப்படியெல்லாம் உரிமை பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனையோ நல்ல படங்கள் குப்பைக்கே போயிருக்குமே? கண்டெடுத்தவர் காப்பாற்றியதனால் அன்றோ நாம் பார்க்கிறோம்?"

இதில் உண்மை உண்டு. விவியன் மையர் என்ற பெண்மணியின் வரலாறே அதற்குச் சான்று. 1926-இல் பிறந்த இவர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பல ஆண்டுகள் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்தார். கழுத்தில் தொங்கும் காமிராவோடு தெருத் தெருவாக நடந்து, 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். கடைக் கண்ணாடிகளில் தெரிந்த தம் உருவத்தையும் அடிக்கடி எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு கண்காட்சியும் வைத்ததில்லை. பெரும்பாலானவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக்கூடப் பார்த்ததில்லை. வாடகை கட்டாததால் 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டி நெகட்டிவ்களை ஏறத்தாழ 400 டாலருக்கு வாங்கினார். மையர் 2009-இல் காலமானார். அதற்குப் பின்னரே அவர் பெயர் உலகெங்கும் பரவியது.

மலூஃப் வாங்கியிராவிட்டால், ஒரு வீட்டு வேலைக்காரப் பெண் 20-ஆம் நூற்றாண்டின் சிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவர் என்பதை உலகம் அறிந்திராது. ஆகவே கண்டெடுப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் வாழ்ந்திருந்தபோது தம் படங்களைப் பெரும்பாலும் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தார் என்பதும் உண்மை. புகழ் வந்தபோது அதைப் பெற அவர் இல்லை. படங்களின் உரிமை யாருக்கு என்று 2014-இல் சட்டத் தகராறும் எழுந்தது. காப்பாற்றியவருக்கு நன்றி கூறுவோம். அதே மூச்சில், காப்பாற்றப்பட்டவளின் விருப்பம் என்னவாக இருந்திருக்கும் என்றும் எண்ணிப் பார்ப்போம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையன்று.

பெயரோடு காத்தல்

அவ்வாறு எண்ணிப் பார்த்துச் செயல்பட வழியுண்டா? உண்டு. நம் அண்டை நாடான நேபாளத்தில் 2011-இல் தொடங்கப்பட்ட 'நேபாளப் படநூலகம்' குடும்பங்களிடம் கேட்டு வாங்கிப் படங்களைச் சேகரித்து வருகிறது. 2018-இல் பெண்களின் பொதுவாழ்வைப் பற்றிய ஒரு திட்டத்தை அது தொடங்கியது. பள்ளிக்கு முதன்முதல் சென்ற பெண்கள், ஊர்வலத்தில் கொடி பிடித்த பெண்கள், மேடையேறிப் பேசிய பெண்கள் ஆகியோரின் படங்கள் வீடு வீடாகத் தேடப்பட்டன. படத்தோடு கடிதங்களும் நாட்குறிப்புகளும் சேர்க்கப்பட்டன. முகத்தோடு வரலாறும் வந்தது.

நம் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் பாருங்கள். வரைந்த திரை, ஒரு நாற்காலி, பூச்சாடி. கணவர் அமர்ந்திருப்பார், மனைவி நாற்காலியின் மேல் கைவைத்து நிற்பார். படம் ஒட்டிய அட்டையில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நிற்கும் பெண்ணின் பெயர் இராது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் இத்தகைய படங்களைத் தேடிப் பிரதியெடுத்துக் காக்கும் பணியைச் செய்துள்ளனர். ஆனால் ஆய்வாளர் வந்து சேருமுன்பே பெயர் தெரிந்தவர்கள் மறைந்துவிடுகிறார்கள். பாட்டி போனபின் பரணிலிருந்து இறங்கும் ஆல்பத்தைப் பார்த்து, "இது யாராக இருக்கும்?" என்று கேட்காத குடும்பம் உண்டா?

நம் கைகளில்

அன்பார்ந்த மாணவியரே, இது பழங்காலத்துப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். டீலியாவைக் கேட்காமல் எடுத்தனர். இன்று கைப்பேசியில் தோழியைக் கேட்காமல் எடுக்கிறோம். அவளைக் கேட்காமலே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அனுப்பிய படம் நாளை யாருக்கோ 'கண்டெடுத்த படம்' ஆகிறது. ஒரு பெண்ணின் முகத்தை எடுத்து வேறோர் உடலில் பொருத்திவிடும் கணினிக் கருவிகளும் இன்று எளிதில் கிடைக்கின்றன. இந்தத் தீங்கு முகம் தெரியாத ஒருவருக்கு நேர்வதன்று. நம் வகுப்பில், நம் வீட்டில் ஒருத்திக்கு நேரக்கூடியது. அவ்வாறு நேர்ந்தால் குற்றம் படத்தில் உள்ளவளுடையது அன்று; அவளைக் கேட்காமல் பரப்பியவருடையது. பெற்றோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அஞ்சாமல் வந்து சொல்லும் மகளைக் கடிந்துகொள்ளும் வீட்டில், அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள்.

ஆகவே, ஒரு பெண்ணின் படத்தை எங்கே கண்டாலும், அருங்காட்சியகச் சுவராயினும் கைப்பேசித் திரையாயினும், மூன்று கேள்விகளைக் கேட்போம். இதை எடுத்தவர் யார்? அவள் சம்மதித்தாளா? அவள் பெயர் என்ன? விடை கிடைக்காமல் போகலாம். கேட்கும் பழக்கமே நம் கண்ணைத் திருத்தும்.

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு சிறு வேலையும் செய்யலாம். வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பாட்டியின் அருகில் அமருங்கள். ஒவ்வொரு படத்திலும் உள்ள பெண்கள் யார் என்று கேளுங்கள். "மாமாவின் மனைவி", "சின்னம்மா" என்ற உறவோடு நிறுத்திவிடாமல் அவர்கள் பெயரைக் கேளுங்கள். ஆண்டு, ஊர், அன்று நடந்த விசேஷம் ஆகியவற்றையும் கேட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். மைப்பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தைக் கெடுக்கும்.

இந்த மலரின் வகுப்புப் படங்களையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 'அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்' என்று தொடங்கிச் சிறிய எழுத்தில் பெயர்கள் வரிசையாக நிற்கும். வாசிக்கச் சலிப்பூட்டும் வரி என்று அதைத் தாண்டிச் செல்கிறோம். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இம்மலரைக் கண்டெடுக்கும் ஒருத்திக்கு அந்த வரியே பெரும் செல்வம். நாம் யாருடைய கைக்கும் பெயரற்ற முகங்களாகப் போய்ச் சேரமாட்டோம். அந்த வரியில் இன்னும் சில பெயர்கள் இடம்பெற வேண்டும் என்பது நம் வேண்டுகோள். காலையில் கதவு திறக்கும் ஆயாம்மா, சத்துணவு சமைக்கும் அம்மா, வளாகம் பெருக்கும் அக்கா ஆகியோரும் வருகிற ஆண்டுப் படத்தில் அமரட்டும். அவர்களுடைய பெயர்களும், முழுப் பெயர்களாகவே, இடமிருந்து வலம் அச்சாகட்டும்.